‘நார்க்காட்டிக்’: ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்

புதுச்சேரிக்கு மேற்கே, வில்லியனூர் வட்டத்தில் சுத்துக்கேணி என்னும் சிற்றூர் உள்ளது. சங்கராபரணி ஆற்று நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால் இவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. பிரெஞ்சு அறிஞராகிய கசால் என்பவரும் அவர்தம் துணைவியாரும் இவ்வூர் நிலத்தை அகழ்ந்து, பண்டை மக்கள் இறந்தோரைப் புதைத்த இடங்களைக் கண்டனர். தாம் கண்டவற்றை 1956ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டனர். உழவர் நாள்தோறும் ஏர் ஓட்டிய நிலத்திற்குக் கீழே இத்துணைப் பழமை உறங்கிக் கிடந்ததை அதுவரை யார் அறிந்தார்?

நாம் அன்றாடம் வழங்கும் சொற்களும் அந்நிலத்தைப் போன்றவையே. மேலாகப் பார்த்தால் ஒரு பொருள் தெரியும். சற்றே தோண்டினால் வேறொன்று புலப்படும். அவ்வாறு தோண்டிப் பார்க்க இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டது ‘நார்க்காட்டிக்’ என்னும் ஆங்கிலச் சொல். காவல் நிலையத்து அறிவிப்பிலும், பள்ளிச் சுவரிலும், செய்தித்தாளிலும் இச்சொல் நம் கண்ணிற் படுகின்றது. ‘போதைப் பொருள்’ என்று தமிழிற் சொல்லி அத்துடன் விட்டுவிடுகிறோம். அவ்வளவுதானா அதன் பொருள்? இது வெறும் அகராதிக் கேள்வியன்று. மனிதரின் உயிரையும் வேதனையையும் தொடும் கேள்வி என்பதை நாம் இரண்டு இடங்களிற் கண்டோம்.

சுத்துக்கேணிப் பக்கத்தில் ஒரு குடியானவர் வீடு. அவ்வீட்டு மூதாட்டியாருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. வலியைத் தணிப்பதற்காக மருத்துவர் மார்ஃபின் மாத்திரைகளை எழுதிக் கொடுத்திருந்தார். கல்லூரியிற் பயிலும் பேரன் அம்மருந்தின் பெயரைக் கண்டு, “இது நார்க்காட்டிக், போதை மருந்து” என்று சொல்லிவிட்டான். வீட்டார் திடுக்கிட்டனர். “கடைசிக் காலத்தில் அம்மாவுக்குப் போதை மருந்து கொடுத்த பழி நமக்கு வேண்டாம்” என்று மகன் மாத்திரைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அம்மூதாட்டியார் இரவெல்லாம் முனகும் ஒலி தெருமுனை வரையில் கேட்டது.

வேறோர் ஊரில் இதற்கு நேர்மாறான காட்சி. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞன் ஒருவன், வலி நீக்கும் மாத்திரைகளைக் கள்ளத்தனமாக வாங்கி, ஒரே வேளையிற் பலவற்றை விழுங்கி, மயங்கிக் கிடந்தான். தெளிந்தபின் அவன் கூறிய சமாதானம் என்ன தெரியுமா? “நான் என்ன கஞ்சாவா குடித்தேன்? டாக்டர் கொடுக்கிற மாத்திரைதானே!” என்றான்.

முன்னவர் மருந்தை நஞ்சென்று அஞ்சினர். பின்னவன் நஞ்சாகிவிட்ட பொருளை மருந்தென்று நம்பினான். இரு தவறுகளுக்கும் வேர் ஒன்றே. அச்சொல் உண்மையில் எதனைக் குறிக்கின்றது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துரைக்கவில்லை.

மரக்கச் செய்யும் மீன்

கிரேக்க மொழியில் ‘நார்க்கே’ என்றொரு சொல் உண்டு. மரத்துப் போதல் என்பது அதன் பொருள். நெடுநேரம் சம்மணமிட்டு அமர்ந்தபின் எழுந்தால் காலில் உணர்ச்சி இல்லாமற் போகின்றதன்றோ? அந்நிலையையே அச்சொல் குறித்தது. அதிலிருந்து, ‘மரக்கச் செய்வது’ என்னும் பொருளில் ‘நார்க்கோட்டிகோஸ்’ என்ற சொல் பிறந்தது. அச்சொல் இலத்தீன் மொழிக்கும், பின்னர்ப் பிரெஞ்சு மொழிக்கும் சென்று, அவற்றின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் சாசரின் பாடல்களிலேயே இச்சொல் காணப்படுகின்றது. ஆகவே பிறப்பினால் இச்சொல்லுக்குக் குற்றத்துடனோ, களியாட்டத்துடனோ எவ்விதத் தொடர்பும் இல்லை. உணர்ச்சியை மரக்கச் செய்வது என்பது ஒன்றே அதன் முதற்பொருள்.

கிரேக்கர் அதே ‘நார்க்கே’ என்ற சொல்லை ஒரு கடல்மீனுக்கும் பெயராக இட்டிருந்தனர். அது திருக்கை இனத்தைச் சேர்ந்தது. அதனைத் தொட்டவர் கை அதிர்ந்து மரத்துவிடும். மின்சாரம் என்பதையே உலகம் அறியாத காலத்தில் அம்மீன் தன் உடலில் மின்னாற்றலைத் தாங்கித் திரிந்தது. ‘உம்முடன் உரையாடுவோரின் வாயும் மனமும் மரத்துப் போகின்றன, நீரும் அம்மீனைப் போன்றவரே’ என்னும் கருத்துப்பட மேனோ என்பவன் சாக்ரடீசைப் பார்த்துக் கூறியதாகப் பிளேட்டோ எழுதியுள்ளார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் மருத்துவர், நீங்காத தலைவலிக்கு உயிருள்ள அம்மீனை நெற்றியில் வைக்குமாறு எழுதி வைத்தார். வலியை உணர்ச்சி மரப்பினால் வெல்லலாம் என்ற எண்ணம் அத்துணைப் பழமையானது.

இம்மீன் நமக்கு அந்நியமானதன்று. நம் கிழக்குக் கரைக் கடலிலும் மின்திருக்கைகள் உண்டு. அவற்றுள் ஒருவகை, தரங்கம்பாடியிற் பிடிபட்ட மீனைக் கொண்டு 1801ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர்களால் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்றும் விஞ்ஞானிகள் அவ்வகையை ‘நார்க்கே’ என்ற பழம்பெயராலேயே அழைக்கின்றனர். இலத்தீன் மொழியில் அம்மீனுக்கு ‘டார்ப்பீடோ’ என்று பெயர். அதற்கும் மரத்தல் என்பதே வேர்ப்பொருள். பிற்காலத்தில் கப்பலை உடைக்கும் வெடிகுண்டுக்கும் அப்பெயர் சென்று சேர்ந்தது.

நம் மொழியும் இக்கருத்தில் வறியதன்று. ‘மரத்துப் போயிற்று’ என்னும்போது, உணர்வுள்ள உடல் மரத்தைப் போல் ஆகிவிட்டது என்றே நம் மனத்திற்படுகின்றது. ‘திமிர்’ என்ற சொல்லுக்கும் உணர்ச்சியின்மை என்ற பொருள் உண்டு. உறுப்புகள் உணர்விழக்கும் நோயைத் திமிர்வாதம் என்று நம் வைத்தியர்கள் கூறினர். செருக்குற்று நடப்பவனையும் திமிர் பிடித்தவன் என்கிறோம். பிறர் படும் துன்பம் அவனுக்கு உறைப்பதில்லை என்பதையும் அச்சொல் நமக்கு நினைவூட்டுகின்றது.

உறவுச் சொற்கள்

இச்சொல்லுடன் சேர்த்து அறியத்தக்க வேறு சில சொற்களும் உள. அபின் என்பது அவற்றுள் ஒன்று. கிரேக்கர் இதனை ‘ஓப்பியோன்’ என்றனர். சாறு என்பது பொருள். அரபு மொழியில் அது ‘அஃப்யூன்’ ஆயிற்று. நம் நாட்டில் அபின், அபினி என வழங்கலாயிற்று. கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகின்றது. அச்செடியின் விதையே நம் அடுக்களையிற் குருமாவிற்கு அரைக்கும் கசகசா. இச்செடியை எவரும் தம் விருப்பப்படி பயிரிட முடியாது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிற் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும், அரசாங்க உரிமம் பெற்ற உழவர்கள் மருந்துத் தேவைக்காக இதனைப் பயிரிடுகின்றனர்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த செர்ட்டூர்னர் என்ற இளம் மருந்தாளர், அபினிலிருந்து அதன் வீரியமான சத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கர்தம் கனவுத் தெய்வமாகிய மார்ஃபியசின் பெயரைத் தழுவி அச்சத்திற்குப் பெயரிட்டார். அதுவே மார்ஃபின்.

மற்றொரு சொல் ‘அனஸ்தீசியா’. உணர்வின்மை என்பது அதன் நேர்ப்பொருள். 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனையில், மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியை நோயாளிக்குச் செலுத்தி, அறுவைச் சிகிச்சையை வலியின்றி நடத்திக் காட்டினார். அதற்கு முன்பெல்லாம் நோயாளியை நால்வர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் விரைந்து அறுப்பதே வழக்கம். மார்ட்டன் உண்டாக்கிய நிலைக்கு ‘அனஸ்தீசியா’ என்று பெயரிடலாம் என ஹோம்ஸ் என்ற மருத்துவர் அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் எழுதினார். மறு ஆண்டே, 1847இல், கல்கத்தாவில் ஈதர் பயன்படுத்தப்பட்டது.

பல் பிடுங்கும்போது ஈற்றில் ஊசி போடுகிறார்களே, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. தென் அமெரிக்காவில் விளையும் கோக்கா இலையின் சத்தாகிய கொக்கெய்ன், கண்ணின் மேற்பரப்பை மரக்கச் செய்வதை 1884ஆம் ஆண்டில் கார்ல் கோல்லர் என்ற மருத்துவர் மெய்ப்பித்தார். அதன் தீமை பின்னர்த் தெரியவந்தது. பழக்கத்திற்கு அடிமையாக்காத மருந்துகளை விஞ்ஞானிகள் தேடினர். இன்று நம் மருத்துவமனைகளிற் பயன்படும் லிக்னோகெய்ன் அவ்வாறு வந்ததே. ‘கெய்ன்’ என்ற ஒலி ஒற்றுமையைக் கண்டு அவ்வூசிக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

உணர்வு மரப்பது எவ்வாறு?

காலில் முள் தைக்கின்றது. அச்செய்தி நரம்புகளின் வழியே முதுகுத் தண்டிற்குச் சென்று, அங்கிருந்து மூளையை அடைகின்றது. மூளை அறிந்த பின்னரே ‘வலி’ என்று உணர்கிறோம். சுத்துக்கேணி வாய்க்காலின் வழியாக ஆற்று நீர் ஏரிக்குப் போய்ச் சேர்வதை இதற்கு ஒப்பாகக் கொள்ளலாம்.

பல் மருத்துவரின் ஊசி, ஒரு கிளை வாய்க்காலில் அடைப்புப் பலகையை இறக்குவது போன்றது. அவ்வொரு நரம்பின் வழியே மட்டும் செய்தி செல்லாது, நோயாளி விழித்திருப்பார். பெரிய அறுவைச் சிகிச்சைக்குக் கொடுக்கும் மயக்க மருந்து மூளையையே உறங்கச் செய்கின்றது. வாய்க்காலில் நீர் வந்தாலும் ஏரியில் அதனை அறிவார் இலர். மார்ஃபின் இவ்விரண்டிலும் வேறுபட்டது. அது முதுகுத் தண்டிலும் மூளையிலும் செயற்பட்டு, வலிச் செய்தியின் வேகத்தைக் குறைக்கின்றது. உரிய அளவில் உட்கொண்டவர் விழித்திருக்கலாம், உண்ணலாம், உறவினருடன் பேசலாம்.

மார்ஃபின் நம் உடலிற் படிவதற்கென்றே அமைந்தாற்போன்ற இடங்கள் நரம்பணுக்களின் மேல் இருப்பதை 1973ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டனர். நம் உடலே மார்ஃபினை ஒத்த சில பொருள்களைச் சுரக்கின்றது என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் வெளியாயிற்று. ஆனால் அதே இடங்கள், மூச்சை நடத்தும் மூளைப் பகுதியிலும் உள்ளன. இதனை நாம் மறத்தலாகாது. அளவு மிகுந்தால் வலி மட்டுமன்றி மூச்சும் மரத்துப் போகின்றது. உறங்குவது போலவே உயிர் பிரிந்துவிடுகின்றது. அவ்விளைஞன் தப்பிப் பிழைத்தது அவனுடைய நல்வினையே.

இன்னொரு தீமையும் உண்டு. களிப்பை நாடித் திரும்பத் திரும்ப உட்கொண்டால், உடல் பழகிவிடுகின்றது. நேற்றைய அளவு இன்று போதுவதில்லை. நிறுத்தினாலோ உடல் நடுங்குகின்றது, வயிறு கலங்குகின்றது, உறக்கம் போகின்றது. அதன்பின் இன்பத்திற்காக அன்று, அத்துன்பத்திலிருந்து தப்புவதற்காகவே அவன் அம்மருந்தைத் தேடியலைகிறான். இறுதியில் தாய் தந்தையர் சிந்தும் கண்ணீரும் அவன் மனத்தில் உறைப்பதில்லை.

சட்டம் கூறும் பொருள்

1985ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அபின், கஞ்சா, கோக்கா இலை ஆகியவையும், இவற்றிலிருந்து செய்யப்படும் மருந்துகளும் அச்சட்டத்தில் ‘நார்க்காட்டிக்’ என்ற பெயருக்குள் அடங்குகின்றன. மருத்துவ நூலார் இப்பகுப்பை அப்படியே ஏற்பதில்லை. கொக்கெய்னை உட்கொண்டவன் மூளை மரப்பதில்லை, மிகையாகத் தூண்டப்படுகின்றது. ஆயினும் சட்டம் அதனையும் இப்பெயராலேயே அழைக்கின்றது. மருத்துவர் வாயில் இச்சொல் ஒரு மருந்தின் செயலைக் குறிக்கின்றது. காவலர் வாயில் ஒரு தடையைக் குறிக்கின்றது.

இவ்வேறுபாட்டினால் விளைந்த துன்பம் சிறிதன்று. 1985ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு, மார்ஃபினை வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. தண்டனைக்கு அஞ்சி மருத்துவமனைகள் பல அதனை வாங்குவதையே நிறுத்திவிட்டன. உலகிற்கு அபின் விளைவித்துக் கொடுக்கும் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் வலி தாங்காது துடித்தனர். கேரளத்தில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் கூடி வலி நீக்கும் பணிக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். ஊர் மக்களே தொண்டர்களாக முன்வந்து, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்தனர். 2008ஆம் ஆண்டில் கேரள அரசாங்கம் இப்பணிக்கென ஒரு கொள்கையையே வகுத்தது. 2014ஆம் ஆண்டில் மத்திய சட்டமும் திருத்தப்பட்டது. மார்ஃபின் முதலிய சில மருந்துகள் ‘இன்றியமையாதவை’ என்று தனியே பிரிக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் அவற்றை வைத்திருப்பதற்கான முறை எளிதாக்கப்பட்டது. வலியைத் தணிப்பது குற்றமன்று, கடமை என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டது.

அச்சட்டத்திற் கருணைக்கும் இடமுண்டு. சிறு அளவிற் பொருள் வைத்திருந்தோ, உட்கொண்டோ வழக்கிற் சிக்கிய அடிமைப்பட்டவர், தாமே மனமுவந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்திற் சிகிச்சை பெற முன்வந்தால், வழக்கு நடவடிக்கையிலிருந்து அவருக்கு விலக்குக் கிடைக்க 64அ பிரிவு வழி செய்கின்றது. பிள்ளையின் நிலையை வெளியிற் சொன்னால் சிறைக்குப் போய்விடுவான் என்று அஞ்சி மறைக்கும் பெற்றோர் இதனை அறிந்திருப்பது நலம்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, நோயாளிக்கு மருத்துவர் கொடுத்த மார்ஃபினை மறுத்தலாகாது. நோயின் வலிக்காக, சொன்ன நேரத்தில், சொன்ன அளவில் உட்கொள்வோர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் பெரும்பாலார்க்கு உண்டாகும். அதற்கும் மருத்துவர் மருந்து கொடுப்பார். அளவைக் கூட்டுவதையும், திடீரென நிறுத்துவதையும் தாமாகச் செய்தல் கூடாது. அம்மருந்து கொடுப்பதனாலேயே ‘கதை முடிந்தது’ என்றும் எண்ணவேண்டாம். அது வலிக்கு மருந்தேயன்றிச் சாவுக்கு ஓலையன்று.

இரண்டாவதாக, அம்மாத்திரைகள் பிறர் கைக்கு எட்டாதபடி வைத்துப் பூட்டப்படவேண்டும். மீந்தவற்றை வீட்டில் வைத்திராமல், கொடுத்த இடத்திலேயே ஒப்படைக்கவேண்டும். ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவர் முதுகுவலிக்கு எடுத்துக் கொடுப்பது பேராபத்து.

மூன்றாவதாக, கடையில் விற்பதனால் ஒரு மாத்திரை தீங்கற்றது என்று இளைஞர் கருதலாகாது. டிரமடால் என்னும் வலி மாத்திரையும் 2018ஆம் ஆண்டில் மேற்கூறிய சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்பட்டது. கொடேன் கலந்த இருமல் மருந்தும் அபின் இனத்தைச் சேர்ந்ததே. மருத்துவரின் சீட்டின்றி இவற்றை விற்பவன் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பகைவன்.

நான்காவதாக, அளவு மீறி உட்கொண்டு எழுப்பியும் எழாமல், மூச்சு மெல்ல மெல்ல விட்டு, உதடு நீலம் பாரித்துக் கிடப்பவரைக் கண்டால், ‘தூங்கித் தெளியட்டும்’ என்று விட்டுவிடலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108க்குத் தெரிவிக்கவேண்டும். என்ன உட்கொண்டார் என்பதை மறைக்காமற் சொல்லவேண்டும். அதனை முறிக்கும் மருந்து மருத்துவரிடம் உண்டு. பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர்க்கு மத்திய அரசின் 14446 என்ற தொலைபேசி எண் கட்டணமின்றி வழிகாட்டுகின்றது.

மகளிர் குழுக்களும், இளைஞர் மன்றங்களும், பள்ளி ஆசிரியர்களும் இச்செய்திகளை ஊர்தோறும் எடுத்துரைத்தல் வேண்டும். ‘போதை ஒழிக’ என்று சுவரில் எழுதுவது எளிது. எது மருந்து, எப்போது அது நஞ்சு என்று ஒரு தாய்க்கும் ஒரு மாணவனுக்கும் விளங்கச் சொல்வதே பயன் தரும் தொண்டு.

சுத்துக்கேணிப் பக்கத்து வீட்டிற்கு ஒரு நாள் கிராமச் செவிலியர் சென்றார். அவர் சட்டமும் பேசவில்லை, கிரேக்கமும் பேசவில்லை. “உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போகுமே, அதைப்போல வலியை மரக்க வைக்கிற மருந்து இது. உங்கள் அம்மாவின் அறிவை இது வாங்கிவிடாது” என்று மட்டும் மகனிடம் கூறினார். மகன் எழுந்து சென்று பெட்டியைத் திறந்தார். அன்றிரவு அத்தெருவில் முனகல் கேட்கவில்லை. மறுநாட் காலை அம்மூதாட்டியார் சுவரிற் சாய்ந்து அமர்ந்து, பேரனை அழைத்து, குடிக்கக் கஞ்சி கேட்டார் என்று அறிந்தோம்.